ராபிகாவைக் கேட்டால்தான் திறக்கும்

ராபிகாவுக்குப் பொறாமை என்று அந்தத் தெருவில் யாரும் சொன்னதில்லை. சொன்னால் யாரும் நம்பவும் மாட்டார்கள். கிஸிலோர்தா நகரத்து ரயிலடிக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்த நாளிலிருந்து குரலை உயர்த்திப் பேசாதவள். மாமியாருக்கு மூட்டுவலி என்றால் ஒட்டகப் பால் தேடி ஊர்க்கோடிவரை போவாள். மாமனாரின் சிநேகிதர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாலும் முகம் கோணாமல் அடுப்பைப் பற்றவைப்பாள். தங்கமான பெண் என்று பெயர் வாங்கியாயிற்று. அப்படி ஒரு பெயரை வாங்கி வைத்துக்கொண்டு பொறாமைப்படுவது இருக்கிறதே, அதைப்போல அவஸ்தை வேறு கிடையாது. வெளியே சொல்லவும் முடியாது, உள்ளே வைத்துக்கொண்டு சோறு தின்னவும் முடியாது.

அவள் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் தோக்ஜான். கொழுந்தன் முகித் அக்டோபேயிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புது மனைவி.

ராபிகா பிறந்தது கஸாலியில். அப்பாவுக்கு மீன் கிடங்கில் வேலை. வீட்டில் தலையணைகூட மீன் வாசனை அடிக்கும். அதிலிருந்து தப்பிக்கத்தான் கம்ப்யூட்டர் படித்தேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். படித்து முடித்ததும் ஓர் அரிசி ஆலை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே மூட்டை ஏற்ற வந்த சரக்கு ரயிலோடு சபார் கிடைத்தான். நல்ல மனுஷன். ஆனால் மாதத்தில் பாதி நாள் ரயிலில் இருப்பான், மீதி நாள் தூக்கத்தில் இருப்பான். அவனிடம் போய் மனக்குறை சொல்வதும் தண்டவாளத்திடம் சொல்வதும் ஒன்றுதான்.

அவள் மருமகளாக வந்தபோது முகித் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். படிப்புக்கென்று வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். கடைக்குட்டி என்பதால் யாரும் அதட்டுவதில்லை. பிறகு அவன் அல்மாட்டிக்குப் படிக்கப் போனான், கம்ப்யூட்டர் ராபிகா கைக்கு வந்தது. அவனுடைய பழைய கணக்கை அப்படியே விட்டுவிட்டுத் தனக்கென்று ஒரு கணக்கு உண்டாக்கிக்கொண்டாள். வருஷங்கள் போகப் போக வீட்டில் பெரிய டி.வி. வந்தது, மாமனாருக்கு லேப்டாப் வந்தது, ஆளுக்கொரு போன் வந்தது. எல்லாவற்றையும் வைஃபையில் ஒன்றாகக் கோத்து, முகித் எந்தக் காலத்திலோ விளையாட்டுகளைப் போட்டுவைத்திருந்த ஃபோல்டரைக் காலி செய்து, அதற்கு 'வீடு' என்று பெயர் வைத்தாள். குடும்பத்தில் நடந்த கல்யாணம், தொட்டில் விருந்து, சுன்னத்து விருந்து எல்லாவற்றின் வீடியோவும் போட்டோவும் அதற்குள் இருந்தன. வீட்டின் எந்த மூலையிலிருந்தும் அதைத் திறந்து பார்க்கலாம்.

யார் பார்க்கலாம், யார் தொடலாம் என்று அவள்தான் முறை வகுத்தாள். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. ஒருநாள் மாமனார் குதிரைப் பந்தயம் ஒன்றைத் தேடப் போய், அண்ணன் பேரனின் சுன்னத்து விருந்து முழுவதையும் அழித்துவிட்டார். அழித்ததோடு நில்லாமல், "எவன்டா இதைத் தொட்டது?" என்று முதல் ஆளாகச் சத்தமும் போட்டார். அன்று முதல் அவருக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி. அது அவருக்குத் தெரியாது. தான் ரொம்ப ஜாக்கிரதையான ஆளாகிவிட்டதாக இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். ராபிகாவின் பிள்ளைகளுக்குத் திரையில் கார்ட்டூன் மட்டும் தெரியும். மாமியாருக்கு எல்லாம் தெரியும், ஒன்றையும் மாற்ற முடியாது. முழு உரிமை ராபிகாவுக்கு.

எங்கள் பக்கத்து மருமகள்கள் புருஷன் வீட்டாரின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். வந்த புதிதில் ஆளுக்கொரு செல்லப்பெயர் வைத்து, ஆயுசுக்கும் அதையே சொல்லி அழைப்பார்கள். சொல்லக்கூடாத பெயரைத் தட்டச்சு மட்டும் செய்யலாமா? ராபிகா அதற்கும் ஒப்பவில்லை. ஆகவே கம்ப்யூட்டரில் மாமனாரின் கணக்கு 'பெரிய வாசல்', மாமியாருடையது 'நிலா அத்தை'. எல்லாம் அவள் வைத்த பெயர்கள். மாமியார் அந்தப் பெயரைத் திரையில் பார்த்துப் பூரித்துப் போன காலம் ஒன்று உண்டு.

கடைக்குட்டி மகனுக்குத்தான் வீடு என்பதும் எங்கள் பக்கத்து முறை. மூத்தவர்கள் தனிக்குடித்தனம் போக வேண்டும், இளையவன் அப்பா அம்மாவோடு இருக்க வேண்டும். இது ராபிகாவுக்குக் கல்யாணம் ஆன அன்றே தெரியும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சபாருக்கு ஒரு ஃபிளாட் தயாராகிக்கொண்டிருந்தது. நெல் அறுப்பு முடிந்ததும் போய்விட வேண்டியதுதான். ஆனால் தெரிந்திருப்பது வேறு, தன் கையால் வெள்ளையடித்த சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவது வேறு.

தோக்ஜான் வந்ததும் முதலில் டீக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவார் கைமாறியது. புது மருமகள்தான் டீ ஊற்ற வேண்டும். "அப்பாடா, இனிமே உனக்கு ஓய்வு" என்று தெருவே ராபிகாவை வாழ்த்தியது. அவளும் சிரித்தாள். முதல்முறையாக விருந்தாளிகளோடு உட்கார்ந்து, யாரோ நீட்டிய கிண்ணத்தை வாங்கிக் குடித்தாள். அப்போது மாமியார் சொன்னாள்:

"என் சின்ன மருமக ஊத்துற டீயே தனி ருசி. பாலும் டீயும் எப்படிச் சேருது பாருங்க!"

அதே டீத்தூள், அதே பசு, அதே சமோவார். ராபிகா கிண்ணத்தைப் பாதியிலேயே வைத்துவிட்டாள். இத்தனை வருஷம் ஊற்றினாளே, ஒருநாள் ஒருவாய் ருசி என்று சொன்னதுண்டா?

அடுத்து, பெயர்கள். தோக்ஜான் மாமனாருக்கு 'நிழல் மரம்' என்று வைத்தாள், மாமியாருக்குத் 'தேன் அத்தை'. மாமியார் அதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். வந்த கையோடு ராபிகாவிடம், "கம்ப்யூட்டர்லயும் அதையே போட்டுடேன் ராபிகா. நிலா கிலான்னு இருக்கே, அது பழசாயிடுச்சு" என்றாள்.

"பேரை மாத்துனா உள்ள இருக்குற வீடியோ எல்லாம் அழிஞ்சு போயிடும் அத்தை."

பச்சைப் பொய். பெயரை மாற்றினால் பெயர்தான் மாறும். மாமியார் பயந்துபோய் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். ராபிகா அன்று முழுக்கத் தன்னையே மெச்சிக்கொண்டாள். சாயங்காலமானதும் அதை நினைத்து வெட்கமாக இருந்தது. மறுநாள் காலையில் மறுபடியும் மெச்சிக்கொண்டாள்.

சமையலறை போயிற்று, சமோவார் போயிற்று, வைத்த பெயர்களும் போய்க்கொண்டிருந்தன. அந்த வீட்டில் ராபிகாவைக் கேட்டால்தான் நடக்கும் என்று மிச்சமிருந்தது அந்த ஒரு ஃபோல்டர்தான். அதை மட்டும் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். தோக்ஜானுக்குக் கணக்கு உண்டாக்கிக் கொடுத்தாள், மாமனாருக்குக் கொடுத்த அதே அனுமதியோடு. பார்க்கலாம், தொட முடியாது.

தோக்ஜான் வந்து நின்றாள்.

"அக்கா, எங்க கல்யாண போட்டோவை எல்லாம் அதுல போடலாமான்னு பாத்தேன். அனுமதி இல்லைன்னு வருது."

"கம்ப்யூட்டர் பழசு. திடீர்னு புது ஆளைச் சேத்தா தாங்காது. கொஞ்ச நாள் போகட்டும்."

"சரிக்கா."

கொஞ்ச நாள் போயிற்று. மறுபடியும் வந்தாள், கையில் எண்ணெயில் பொரித்த சூடான பவுர்சாக் தட்டோடு. "ஒரே ஒரு பாட்டுக்கா. எங்கம்மா பாடுனது."

"குடு, நானே போட்டுடுறேன்."

பிறகு இன்னொரு நாள், இன்னொரு போட்டோ. ஒவ்வொரு முறையும் நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு அக்டோபேயைப் பற்றி, தன் அக்கா தங்கைகளைப் பற்றி ஏதாவது பேசுவாள். ராபிகா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" கொட்டுவாள். அவள் வந்து கேட்பது ராபிகாவுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதே என்று கோபமாகவும் இருந்தது. போகும்போது ஒருநாளாவது முகத்தைச் சுளித்துக்கொண்டு போகக்கூடாதா இவள்? அத்தையிடம் போய்க் கோள் மூட்டக்கூடாதா? அதுவும் இல்லை. நல்லவள் என்ற பெயர் ராபிகாவின் கடைசிச் சொத்து, அதிலும் இவள் பங்கு கேட்கிறாள்.

அந்தச் சமயத்தில்தான் மாமியார் தெருப் பெண்களை எல்லாம் டீக்கு அழைத்தாள். தோக்ஜானின் முகத்திரை விலக்கிய சடங்கு வீடியோவைப் பெரிய டி.வி.யில் எல்லோருக்கும் போட்டுக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. அன்று காலை ராபிகா வீடியோவை எடுத்து வைக்கப் போனாள். அதில் தோக்ஜான் முகத்திரைக்குள் நின்றுகொண்டு, பாடகர் ஒவ்வொரு உறவையும் சொல்லிப் பாடப் பாடக் குனிந்து வணங்குகிறாள். தன் பெயர் வந்த இடத்தில் ராபிகா நிறுத்திப் பார்த்தாள். மற்றவர்களுக்கு வணங்கியதைவிட அதிகமாகவே குனிந்திருந்தாள். நடிப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது ஒரு யோசனை தோன்றியது. விருந்தாளிகள் வந்து உட்காருவார்கள். மாமியார் ரிமோட்டை அமுக்குவாள், திறக்காது. முகித் போனில் முயற்சி செய்வான், அதிலும் திறக்காது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது "ராபிகாவைக் கூப்பிடு" என்பார்கள். அவள் சாவகாசமாக வந்து, இரண்டு தட்டுத் தட்டுவாள், திறக்கும். அவ்வளவு போதும். இந்த வீட்டை விட்டுப் போகுமுன் ஒருமுறை, தெருப் பெண்கள் அத்தனை பேரும் பார்க்க, அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு வேண்டியிருந்தது.

அனுமதிப் பட்டியலைத் திறந்தாள். ஆளாளுக்குத் தனித்தனியாக மறுப்பு வைக்க நேரமில்லை. பட்டியலின் தலையில் 'எல்லோரும்' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு நேரே மறுப்பைத் தட்டிவிட்டு, பட்டியலை மூடிவிட்டு, பேரீச்சம்பழம் கழுவப் போய்விட்டாள்.

மதியம் பெண்கள் வந்து விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தோக்ஜான் சமோவார் பக்கத்தில் அமர்ந்து அரைக்கிண்ணம் அரைக்கிண்ணமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தை நிறைத்துக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அவள் அந்த அளவில் இம்மிகூடத் தவறவில்லை. எதிர்வீட்டு பிக்கமால் கால் நீட்டிக்கொண்டு, "டி.வி.யில நம்ம மூஞ்சிதான் தெரியுது. எங்கே உன் மருமகளோட படம்?" என்றாள். மாமியார் ரிமோட்டை அமுக்கினாள். திறக்கவில்லை. முகித் போனில் பார்த்தான். அதிலும் இல்லை.

"ராபிகா! ராபிகாவைக் கூப்பிடுங்க!"

சமையலறையில் இருந்த ராபிகாவுக்கு அது தேனாக இனித்தது. இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள். கூப்பிட்டார்கள். ஈரமே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பாஸ்வேர்டைத் தட்டி, ஃபோல்டரைத் திறந்தாள்.

உங்களுக்கு இதைத் திறக்க அனுமதி இல்லை என்றது கம்ப்யூட்டர்.

மறுபடியும் தட்டினாள். அதே பதில். பட்டியலுக்குப் போய் மறுப்பை எடுக்கப் பார்த்தாள். அதற்கும் அனுமதி இல்லையாம். அப்போதுதான் உறைத்தது. அந்த வீட்டில் 'எல்லாரும் சாப்பிட்டாச்சா' என்றால் ராபிகா இன்னும் சாப்பிடவில்லை என்று அர்த்தம். 'எல்லாரும் உக்காருங்க' என்றால் ராபிகா நிற்பாள். போட்டோ எடுக்க 'எல்லாரும் வாங்க' என்றால் எடுப்பவள் ராபிகா. இத்தனை வருஷத்தில் எல்லோரும் என்ற சொல்லுக்குள் தானும் உண்டு என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கம்ப்யூட்டர் மட்டும் அவளையும் சேர்த்து எண்ணியிருந்தது.

"என்ன ராபிகா," என்றாள் பிக்கமால், "கம்ப்யூட்டரும் புது மருமககிட்டதான் பேசுவேங்குதா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ராபிகாவுக்குக் காது மடல் சுட்டது. தலையைத் திருப்பினால் அழுதுவிடுவோம் என்று தெரிந்ததால் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

பக்கத்தில் ஒரு டீக்கிண்ணம் வந்தது. அதோடு தோக்ஜானும் வந்து குனிந்தாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள், ராபிகாவுக்கு மட்டும் கேட்கும்படி. "டீயை எடுத்துக் குடிக்கிற மாதிரி இருங்க."

தோக்ஜான் ராபிகாவின் கணக்கிலிருந்து வெளியே வந்தாள். மூலையில் கிடந்த முகித்தின் பழைய கணக்கைத் தட்டினாள். பாஸ்வேர்டு போட்டாள். கம்ப்யூட்டரை முதலில் எழுப்பியவனுடைய கணக்கு அது. ஃபோல்டரையும் முதலில் உண்டாக்கியவன் அவன்தான். உண்டாக்கியவனிடமிருந்து பட்டியலைத் திருத்தும் உரிமையை யாராலும் பறிக்க முடியாது. தோக்ஜான் பட்டியலைத் திறந்தாள், 'எல்லோரும்' என்ற வரிக்கு நேரே இருந்த மறுப்பை எடுத்தாள், மூடினாள். அவளுடைய விரல்கள் எங்கும் தடுமாறவில்லை. வழி தெரிந்த விரல்கள்.

பிறகு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "அக்கா சரி பண்ணிட்டாங்க அத்தை! ஒயர் லூஸாம்" என்று சொல்லிவிட்டு சமோவாருக்குத் திரும்பிப் போனாள்.

டி.வி.யில் பாட்டு தொடங்கியது. "நான்தான் சொன்னேனே," என்றாள் மாமியார், "ராபிகா இருக்கும்போது நமக்கென்ன கவலை? இந்த வீட்டுல அவளைக் கேட்டாத்தான் எதுவும் திறக்கும்." பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். பிக்கமால்கூட, "கெட்டிக்காரிதான்" என்றாள். ராபிகா ஆசைப்பட்டது அத்தனையும் ஒரு சொல் குறையாமல் கிடைத்துவிட்டது. டீ அவள் கையிலேயே ஆறிப்போயிற்று.

விருந்தாளிகள் போன பிறகு சமையலறையில் ராபிகா கிண்ணங்களைக் கழுவினாள், தோக்ஜான் துடைத்தாள்.

"எப்போலேருந்து தெரியும் உனக்கு?"

"எது அக்கா?"

"நடிக்காத. அவன் பாஸ்வேர்டு."

"வந்த வாரமே சொல்லிட்டாரு. சின்ன வயசுல வளத்த நாய்க்குட்டி பேருதான். இன்னும் மாத்தல."

ராபிகா குழாயை மூடினாள். "அப்போ எல்லாத்தையும் நீயே போட்டுக்கலாம். அழிக்கலாம். நெனச்சிருந்தா என்னையே வெளிய தள்ளியிருக்கலாம்."

"ஆமா."

"அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தடவையும் பவுர்சாக்கைத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட வந்து நின்ன?"

தோக்ஜான் துடைத்த கிண்ணத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"எங்க வீட்டுல நாங்க அஞ்சு பொண்ணுங்க. நாள் பூரா வாய் மூடாது. இங்க அத்தை என்னைக் கொஞ்சுறாங்க, ஆனா பேசுறதில்ல. அவரு வேலைக்குப் போயிடுறாரு. நீங்களும் பேச மாட்டீங்க. அந்த ஃபோல்டரைக் கேட்டா மட்டும்தான் எங்கிட்ட நாலு வார்த்தை பேசுவீங்க. முடியாதுன்னுதான் சொல்லுவீங்க. ஆனா பேசுவீங்க."

 ராபிகாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்துக்கு அடியில் பொறாமை முன்னைவிடப் பெரிதாக எரிந்தது. இவள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! தோக்ஜானின் இடத்தில் தான் இருந்திருந்தால் அந்தப் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு ஒரு வாரமாவது சும்மா இருந்திருப்போமா? இருந்திருக்க மாட்டாள். அது அவளுக்கே நன்றாகத் தெரிந்தது.

"ஒயர் லூஸ் இல்ல," என்றாள். "காலைல நான்தான்..."

"தெரியும்க்கா. பட்டியல்லயே இருந்துச்சே."

ராபிகா கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். தோக்ஜான் துணியும் கையுமாகப் பின்னாலேயே வந்தாள். மாமியார் விரிப்பின் ஓரத்தில் தலையணையை வைத்துக் கண்ணயர்ந்திருந்தாள். ராபிகா தன் கணக்கில் நுழைந்து, பட்டியலைத் திறந்து, தோக்ஜானின் பெயருக்கு நேரே, தனக்கு இருந்ததையெல்லாம் அவளுக்கும் ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"எனக்குத்தான் வேற வழி இருக்கேக்கா. இது எதுக்கு?"

"அது உன் புருஷன் குடுத்தது. இது நான் குடுக்குறது."

தோக்ஜான் வழக்கம்போல நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்காரப் போனாள். ராபிகா இன்னொரு நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள். அதில் உட்கார்ந்த பிறகு தோக்ஜான் சொன்னாள்:

"நீங்க அந்த ஃபிளாட்டுக்குப் போனதுக்கு அப்புறமும் நான் வந்து கேப்பேன்."

"வா, கேளு," என்றாள் ராபிகா. "முடியாதுன்னுதான் சொல்லுவேன்."